மத்தி

மத்தோசின்யோஸ் துறைமுகத்தில்
ஆறு பத்துக்குச் சங்கு ஊதும்.
அதற்கு முன்பே டெல்ஃபினா வந்து
கண்ணாடி அறையில் விளக்கைப் போட்டிருப்பாள்.
மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்த அறை.
கீழே நாற்பத்திரண்டு பெண்கள், தலை வெட்டும் மேசைகள்.
மேலே கம்பளம், நொரோன்யா.
இரண்டு பக்கமிருந்தும் அவள் தெரிவாள்.
அழ வேண்டுமென்றால்
ஐஸ் கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

கையுறை கேட்டு மூன்று கடிதம் எழுதினாள்.
முதலாவதில் பணிவு இருந்தது.
இரண்டாவதில் எண் இருந்தது:
ஒரே வாரத்தில் பதினேழு வெட்டுக்காயம்.
மூன்றாவதில் இவோனியின் கட்டைவிரல், படமாக.
அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.
கூடவே ஒரு வரைபடம்,
நிமிடத்துக்கு நான்கு டப்பா கூடுதலாக,
அம்பு மேல்நோக்கி.

அம்பைக் கீழே கொண்டுபோய்ப் படித்துக் காட்டியது
அவள் வாய்தான்.
"எங்களோடு நின்று தலை வெட்டியவள்தானே நீ"
என்றாள் கிராசியெத், கத்தியைத் துடைத்தபடி.
ஆமாம், ஒன்பது வருடம்.
உள்ளங்கையில் வடு இருக்கிறது.
காட்டினால் கெஞ்சுவதுபோல் ஆகும்,
மறைத்தால் திமிர் என்பார்கள்.
கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டாள்.

மகனின் பல் கம்பிக்கு வைத்திருந்த பணத்தில்
நாற்பத்திரண்டு ஜோடி வாங்கினாள், நீல நிறத்தில்.
திங்கட்கிழமை
"கம்பெனி கொடுத்தது" என்றாள்.

பொய் சுலபமாக வந்தது.
கிராசியெத் படியேறிப் போய்
நொரோன்யாவுக்கு நன்றி சொன்னாள்,
கண்ணாடி அறையைத் தாண்டும்போது திரும்பாமல்.
அவர் ஒரு கணம் விழித்தார்,
பிறகு யாரோ மறந்துவைத்த குடையை
மழையில் எடுத்துக்கொள்கிறவர்போல
அந்த நன்றியை எடுத்துக்கொண்டார்.
மாலையில் இவளைக் கூப்பிட்டு,
"பார்த்தீர்களா, இருக்கிற நிதியிலேயே முடிகிறது.
அந்தக் கோரிக்கையை மூடிவிடலாமே."

மூடினாள்.
கீழே எண்பத்து நான்கு நீலக் கைகள்
முன்னைவிட வேகமாக.

கணக்குத் தணிக்கைக்கு வந்தவன் நான்.
கையுறை இருந்தது, ரசீது இல்லை.
கேட்டேன்.
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்,
சொல்லும்போதே இரண்டு முறை மணி பார்த்தாள்.
என் மொழியில் இந்த மீனுக்கும்
நடு என்பதற்கும் ஒரே சொல்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மேலிருந்து தொலைபேசி,
கீழிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

கையுறை ஆறு வாரம் தாங்கும்
என்று அதன் உறையில் அச்சிட்டிருக்கிறது.
அவள் நாட்காட்டியில்
ஆறாவது திங்களைச் சுற்றி
பென்சிலில் ஒரு வட்டம்,
அழித்துவிட்டு மறுபடி போட்டது.