முதல் கால்

அக்ரூட் இடித்து இடித்து
என் உள்ளங்கையே எண்ணெய் விட்டிருந்தது.
கொதிக்கும் தேனில் பருப்பைக் கொட்டி
ஈரப் பலகையில் பரப்பிக்கொண்டிருந்தாள்
நாத்தனார் லாம்ஸீரா.
"ஆறுவதற்குள் வெட்டு, இல்லையென்றால் பல் போகும்"
என்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டாள்.
குத்தாயிசி நகரம், ஐந்தாம் மாடி,
டிசம்பர் முப்பத்தொன்று,
இரவு பதினொன்று நாற்பது.

எங்களிடம் ஒரு கணக்கு உண்டு:
நள்ளிரவு தாண்டி
வாசற்படியை யார் முதலில் மிதிக்கிறாரோ
அவர் கால்தான்
ஆண்டு முழுக்க வீட்டுக்குள் நடமாடும்.
மெக்வ்லே என்போம்.
கால்ராசி பார்த்து
நவம்பரிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.

போன வருஷம் சொல்லிவைக்க மறந்தோம்.
கீழ்வீட்டு நோதார் வந்தான், உப்புக் கேட்டு.
பிப்ரவரியில் கொதிகலன் வெடித்தது.
மே மாதம் என் வேலை போயிற்று.
உப்பும் திரும்பி வரவில்லை.

ஆகவே இந்த முறை பத்ரி.
குலுக்கலில் குளிர்சாதனப் பெட்டி விழுந்த பத்ரி.
இரண்டு முறை ரியோனி ஆற்றில் விழுந்தும்
தொப்பி நனையாத பத்ரி.
பை நிறைய மிட்டாய், ஒரு குடுவை ஒயின்,
பன்னிரண்டு அடித்ததும் கீழே
லிஃப்டில் காசு போட்டார்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
லிஃப்ட் நின்றது.

வெளியே வானம் வெடித்துக்கொண்டிருந்தது.
மேசையில் சாத்சிவி, பன்றிக்குட்டி,
சுருள்சுருளாய்ச் சீவிய வெள்ளைத் தாடியோடு
மூலையில் நிற்கும் சிச்சிலாகி மரம்.
இருபது தட்டு. ஒருவரும் இல்லை.
படியேறி வந்தவர்கள் எல்லாம்
வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.
உள்ளே கால் வைக்க யாருக்குத் துணிச்சல்?

"குளிருதே" என்றாள் ஒருத்தி.
கம்பளிகளை எறிந்தேன்.
"பசிக்குதே" என்றார் இன்னொருவர்.
எல்லைக் காவல்காரி மாதிரி
வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று
அந்தப் பக்கத்துக்குத் தட்டு நீட்டினேன்.
ஐந்தாவது படியிலிருந்து மூன்றாம் மாடிவரை
கைமாறிக் கைமாறி இறங்கியது கோழி.

லிஃப்ட் இடுக்கிலிருந்து
பத்ரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து போல:
"செத்துப்போனவர்களுக்காக!"
குடித்தோம்.
"இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காக!"
குடித்தோம்.
"இந்தப் பெட்டியைச் செய்தவனுக்காக...
அவன் எங்கிருந்தாலும் அவனுக்கு அரிக்கட்டும்!"
அதற்குத்தான் எல்லோரும் ஆழமாகக் குடித்தோம்.
நோதார் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான்.
பிறகு, ஒன்றும் சொல்லாமல்,
ஒரு கிண்ணம் உப்பு.

ஒன்றரை மணிக்கு வந்தான் மெக்கானிக் ஸ்பிரிதோன்.
வேறு யார் வீட்டு விருந்திலிருந்தோ
பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்,
மீசையில் இன்னும் தேன்.
திட்டிக்கொண்டே கதவை நெம்பினான்.
குடுவை காலி. பை காலி.
பத்ரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தூக்கிக்கொண்டு உள்ளே போனால்
அது யார் கால் கணக்கு?
தூக்குகிறவன் காலா, தூங்குகிறவன் காலா?
நான்காம் மாடியில் நின்று
நாலு பேர் வாதாடிக்கொண்டிருக்கையில்
"கை கழுவணும்" என்றான் ஸ்பிரிதோன்.
எல்லோரையும் விலக்கி
என்னையும் விலக்கி
நேரே உள்ளே போய்
குழாயைத் திறந்தான்.

லாம்ஸீரா மெல்லுவதை நிறுத்தினாள்.
தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
வெள்ளைத் துண்டில் பத்து விரலும் கறுப்பாய்ப் பதிய
"என்ன பார்க்கிறீங்க?" என்றான்.

அவள்தான் முதலில் அசைந்தாள்.
கோசினாகித் துண்டொன்றை
அவன் வாயில் வைத்து
முறைப்படி சொன்னாள்:
"இதுபோல இனிப்பாகவே கிழவனாகு."
அப்புறம் படிக்கட்டு மொத்தமும்
வீட்டுக்குள் இடிந்து விழுந்தது.

வலது காலைத்தான் முதலில் வைத்தான் என்று
என் கணவர் இன்றுவரை சத்தியம் செய்கிறார்.
பக்கத்தில் நின்றவள் நான்.
இடது.
யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மார்ச் மாதம்.
வேலை இன்னும் கிடைக்கவில்லை.
துண்டிலிருந்து கறை போகவில்லை.
லிஃப்ட் மட்டும்
அன்றிலிருந்து ஒருநாளும் நிற்கவில்லை.