மூன்று விலை, ஒரு கோடு

பழைய ஜிபிஎஸ் செத்த அன்று
கரையிறங்கிய கிளாட்வின் சொன்னது
இரண்டே வார்த்தை: "புதுசு பாரு."
பார்ப்பது என் வேலை.
டீசல் பில்லின் முதுகில்
மூன்று பத்தி பிரித்தேன்.

போனில் பதினோராயிரத்து நானூறு.
இன்னும் இரண்டுதான் மிச்சம் என்று
மூன்று நாளாகப் பதறிக்கொண்டிருந்தது சிவப்பெழுத்து.
டெலிவரி இலவசம்.
இலவசம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைதான்.
"மண்டபம் வந்து வாங்கிக்கங்கக்கா, காத்து தள்ளுது"
என்றான் போன தடவை மிக்சி ஜாரோடு வந்த பையன்.
கச்சான் காலம், அவனைக் குறை சொல்ல முடியாது.
பஸ்ஸுக்குப் போனது போக
இறால் கிள்ளும் கூலியில் அரை நாள் போச்சு.
மூடி பொருந்தவில்லை.
திருப்பி அனுப்ப
வந்த அட்டைப்பெட்டியே வேண்டுமாம்.
அதற்குள் அதில் கோழி அடைகிடந்தது.
எழுப்ப மனசு வரவில்லை.
கோழியையும் பத்தியில் எழுதினேன்.

பஹ்ரைனில் டெல்சன்,
கிளாட்வினுக்குச் சித்தி மகன்.
அங்கே நாற்பத்திரண்டு தினார்,
நம்ம காசுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
"சும்மா பெட்டியில போட்டுட்டு வாரேன் மதினி."
சும்மாவை நான் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.
திரும்பிப் போகையில் நெத்திலிக் கருவாடு மூன்று கிலோ,
அறையில் கூடக் கிடக்கும் ஆறு பேருக்கும் சேர்த்து.
அவன் தங்கை கல்யாணத்தில்
எங்கள் மோதிரம் அரைப்பவுனுக்குக் குறைந்தால்
யாரும் ஜிபிஎஸ் பேச்சை எடுக்க மாட்டார்கள்.
மோதிரத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு என்னை.
அவன் வர இன்னும் நான்கு மாதம்.
பழுதென்றால் அதுவும் விமானம் ஏற வேண்டும்.

சீனி ஜகுபர் கடையில் பதினாலாயிரத்து இருநூறு.
பத்து ரூபாய் குறைக்க மாட்டார்.
கடன் தருவார்.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
நோட்டைத் திறக்க மாட்டார்.
திறக்கிற நாள்
மீன் ஏலத்தில் அத்தனை பேர் நடுவே திறப்பார்,
குரலும் பெரிசு.
போன வருசம் அவர் தலையில் கட்டிய பேட்டரி
முதல் மழைக்கே ஊதிப்போனது.
"உப்புக் காத்துக்கு நான் என்னம்மா செய்ய?" என்றார்.
உண்மைதான்.
ஆனாலும்.

கூட்டினேன்.
மோதிரத்துக்கு ஒரு தொகை வந்தது.
கோழிக்கு வரவில்லை.
அந்தக் குரலுக்கு
எவ்வளவு போடுவது?

எதற்கு இந்தக் கருவி என்று
எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.
தண்ணீரில் இல்லாத கோடு ஒன்று
திரையில் மட்டும் ஓடும்.
அதைத் தொடாமல் திரும்பிவர.

சீனாவில் செய்து
எந்தெந்தத் துறைமுகத்திலோ கிடந்து
எத்தனை எல்லை தாண்டியதோ அந்தப் பெட்டி!
எல்லாவற்றுக்கும் ஒரு ரசீதில் கணக்கு முடிந்துவிடும்.
பெவினுக்குத் திரை உறைந்தது
இருபது நிமிசம்.
ஆள் வந்தது எழுபத்தாறாம் நாள்.
போட்டு வரவேயில்லை.
அவன் பெண்டாட்டி ஸ்டெபியா
இப்போது என் பக்கத்தில்தான் இறால் கிள்ளுகிறாள்.
மலிவாக எங்கே கிடைக்கும் என்று
அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
ஜகுபர் கடைக்குப் போனேன்.
"வெளிய கொண்டாங்க, வெயில்ல போட்டுக் காட்டுங்க."
கருவி வானத்தைத் தேடியது.
நான்கு நிமிசம்.
"மூணுதான்" என்றார் அவர்.
நான்கு என்றேன்.
வேறொன்றை எடுத்து வந்தார்,
அதற்கு இரண்டரை.
ஐயாயிரம் கொடுத்தேன். மீதி நோட்டில் ஏறியது.

ரசீதின் பின்னால் வீட்டு நம்பரை எழுதினார்.
"ராத்திரி திரை நின்னா கூப்பிடச் சொல்லு.
கடல் எனக்குத் தெரியாது,
எந்தப் பட்டனை அமுக்கணும்னு தெரியும்."

எட்டு மைலுக்கு அப்பால்
போனில் சிக்னல் இருக்காது.
அது அவருக்கும் தெரியும்.
நம்பரை வாங்கிக்கொண்டேன்.