கொம்பு எந்தப் பக்கம்

மூன்றாம் மாடி. மின்விசிறி இரண்டு,
ஒன்றுதான் சுழலும்.
சன்னலில் கொம்தார். மழை வலுத்தால் அதுவும் இல்லை.
பினாங்கில் மை காய நாலு நாளாகும் என்று
எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.
துணிக்கிளிப்பில் தொங்குகின்றன
எங்கள் எட்டுப் பேரின் ஈரம்.

என் பலகை மரமில்லை.
சூலியா தெருவில் செருப்புத் தைப்பவரிடம்
ஆறு வெள்ளிக்கு வாங்கிய ரப்பர் தகடு.
யாரோ ஒருவரின் பாதத்துக்கு அடியில்
போயிருக்க வேண்டியது
எங்கள் பால்கனி ஆனது:
ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி,
வெளியே நீட்டிய கழிகள்,
அம்மாவின் நைட்டி, தம்பியின் ஜெர்சி,
கீழ் மூலையில் ஒரே ஒரு சொல்
கொடி.

வெட்டியது வெள்ளையாகும்,
விட்டுவைத்தது கறுப்பாகும்.
இவ்வளவுதான் பாடம்.
இது மண்டையில் ஏற எனக்கு
இரண்டு தகடும்
இடது ஆள்காட்டி விரலில் இரண்டு தையலும் ஆயின.

மை உருட்டும்போது பார்க்காதே, கேள்
என்றாள் ஷி மின்.
அதிகமானால் சப்புக்கொட்டும்,
குறைந்தால் ஊமை.
சரியான சத்தத்துக்கு அவள் ஏதோ ஹொக்கியனில் சொன்னாள்.
எனக்குக் கேட்டது
தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்.

அச்சு இயந்திரத்துக்கு வரிசை நீளம்.
நூரின் மாமாக் கடையிலிருந்து
ஒரு கரண்டி கொண்டுவந்தாள்
(கேட்டு வாங்கினாளா என்று நான் கேட்கவில்லை).
கரண்டியின் முதுகால்
தாளின் முதுகைத் தேய்த்துக் காட்டினாள்,
நடுவிலிருந்து வெளியே,
காய்ச்சல்காரக் குழந்தைக்குத் தைலம் தடவுகிற மாதிரி.

நான் கொடுக்க என்னிடம் இருந்தது
பையில் கிடந்த தேங்காய் எண்ணெய்.
டர்பன்டைன் வாடைக்கு மூக்கைப் பிடித்தவர்கள் எல்லாம்
கைகழுவ இப்போது என்னிடம் வருகிறார்கள்.
அறை முழுக்க என் கூந்தல் வாசனை.

முதல் தாளை உரித்தேன்.
பால்கனி வந்திருந்தது.
திரும்பித்தான் வந்திருந்தது, ஆனால்
நைட்டிக்கு ஏது இடம் வலம்?
சொல்தான் முதுகைக் காட்டி நின்றது,
கொம்பு போய் வலது கோடியில்.
திருப்பிச் செதுக்க வேண்டும் என்று தெரியும்.
தெரிந்தும், ஆறு வயதிலிருந்து எழுதிய கை
தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

கொடு இப்படி, என்றாள் ஷி மின்.
அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது.
இது சுருட்டிய தும்பிக்கை, சரியா?
இது குடை பிடித்த நாற்காலி.
தும்பிக்கையைத் திருப்பினாள்,
நாற்காலியைத் திருப்பினாள்,
குடையை மறுபக்கம் சாய்த்தாள்.
சொல் இருந்த மூலையை அறுத்தெடுத்து
அவள் வெட்டிய துண்டைப் பொருத்தினோம்.
தாளில் வந்தது
என் கையெழுத்தைவிட அழகான
கொடி.

பதிலுக்கு அவள் பெயரை
சீனத்தில் நான் செதுக்கினேன்.
ஒரு கோடு கூடிவிட்டதாம்.
இப்போது அது அவள் இல்லை, வேறு யாரோ.
சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்,
அந்தப் பொண்ணுக்கும் ஒரு தாள் எடுத்து வை.

ஆளுக்கு எட்டுப் பிரதி,
ஓரத்தில் பென்சிலால் எண்.
விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம்.
என் சுவரில் இப்போது
நூரினின் கோத்தா பாரு வெள்ளம்,
டேவன் லிங்கம் செதுக்கிய அவன் பழுதான மோட்டார்சைக்கிள்,
தன் பெயரில் ஒரு கோடு கூடிய யாரோ ஒருத்தி.

தப்பாக வந்த அந்த முதல் தாளை
நூரின்தான் கேட்டு வாங்கினாள்.
(இந்த முறை கேட்டாள்.)
ஹாஸ்டல் அறையில் கண்ணாடிக்கு எதிரே ஒட்டியிருக்கிறாளாம்.
தலை சீவும்போது
கண்ணாடிக்குள் சொல் நேராக நிற்கிறதாம்.
படிக்கத் தெரியாதவளுக்கு
அது நேர் என்று எப்படித் தெரிந்தது?
கேட்க வேண்டும்.

நேற்று வங்கியில்
கட்டைவிரலை வைத்தேன். இயந்திரம் ஒப்பவில்லை.
ரேகைக்குள் எல்லாம் கறுப்பு.
துடைத்துவிட்டு மறுபடி வைங்க, என்றார் கவுண்டர்ப் பெண்.
துடைத்தேன். வைத்தேன்.
இன்னும் கொஞ்சம்
அழுத்தினேன்.