அடியில் தங்குவது

என் வேலை கிண்டுவது.
வேறொன்றுமில்லை.
துத்தநாகப் பொடி கனம், விட்டால் உறங்கிவிடும்.
வாளியின் அடியில் சாம்பல் களியாக இறுக
மேலே வெறும் தெளிவு நிற்கும்.
அந்தத் தெளிவை அடித்தால்
பாலத்துக்குப் பளபளப்பு கிடைக்கும், காவல் கிடைக்காது.
ஆகவே காலை ஏழு மணியிலிருந்து
உறுமும் கலக்கியின் கழுத்தைப் பிடித்தபடி
நிற்கிறேன்.

கிளைபேடாவில் மாமியார் கேட்டாள்:
நார்வேயில் என்ன உத்தியோகம்?
கஞ்சி காய்ச்சுகிறேன் என்றேன்.
பாதிப் பொய்தான்.

பையைப் பிரிக்கும்போது மட்டும் பேச்சு நிற்கும்.
ஈரக் கை ஆகாது.
நனைந்த பொடி உள்ளுக்குள் சூடேறும்,
பற்றிக்கொள்ளும் வாயுவைப் பெருமூச்சாக விடும்.
கடலும் மழையும் எந்நேரமும் எட்டிப் பார்க்கும் இந்த ஊரில்
தார்ப்பாய்க்குள் ஒரு காய்ந்த மூலையைக் காபந்து பண்ணுவதற்கே
பாதிச் சம்பளம்.

பூசி முடித்ததும் கதை மாறும்.
அதே பெயின்ட் தண்ணீர் கேட்கும்.
காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் கெட்டிப்படும்.
தெரியாமல் முதல் நாள்
காயட்டுமே என்று ஹீட்டரை முடுக்கிவிட்டேன்.
விர்கீலியுஸ் சிரித்த சிரிப்பு
இன்னும் அந்த இரும்புப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்பிரே துப்பாக்கி அவன் கையில்.
துகளடித்துத் தோலுரித்த உத்தரம்
நாலு மணி நேரம் அம்மணமாய் நின்றால் போதும்,
உப்புக் காற்று அதற்குக் காவி கட்டிவிடும்.
அதற்குள் சாம்பல் போர்த்தியாக வேண்டும்.

மறுநாள் தூரீத் வருவாள், அளவுக்கருவியோடு.
வணக்கம் சொல்லும் வழக்கமில்லை, எண்கள் சொல்வாள்.
எழுபத்தெட்டு.
எழுபத்தொன்று.
எண்பது மைக்ரான்.
ஒரு மூட்டில் நின்றாள்.
இருநூற்றுப் பத்து.

குளிர் வருகிறதே என்று
அங்கே மட்டும் இரண்டு சுற்று கூடுதலாக அடித்திருந்தான்.
கத்திமுனையை வைத்தாள்.
வற்றிய குளத்துச் சேறுபோலக்
கட்டம் கட்டமாக வெடித்திருந்தது, உதிர்ந்தது.
கனமாகப் போட்டால் கூடத் தாங்காதா என்றான்.
அவள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள்.
எங்களுக்கு இரண்டு நாள் தண்டம்.

அக்டோபர் கடைசி.
கூடாரத்தைக் கழற்றும் அவசரத்தில்
நான் இழுத்த சங்கிலி
பதினாலாம் சட்டத்தில் ஒரு கோடு போட்டது.
ஒரு சாண் நீளம், தீக்குச்சி அகலம்.
உள்ளே இரும்பு, மீன்வயிறுபோல் வெள்ளையாக.
வாளிகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
படகு ஹாரன் அடித்தது.
நான் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க
என் வீட்டுக் குழாயில், கதவுக் கீலில்,
சைக்கிள் சங்கிலியில்
துருவையே பார்த்தேன்.
மாமியார் கஞ்சியைக் கிண்டச் சொன்னாள்.
கை நடுங்கிற்று என்று சொன்னால் மிகை,
ஆனால் அடிப்பிடித்தது.

ஏப்ரலில் திரும்பியதும்
தேநீர்கூடக் குடிக்காமல் ஏறினேன்.
பழுப்புக் கண்ணீர் வழிந்திருக்கும் என்று
துடைக்கத் துணியும் கொண்டுபோயிருந்தேன்.
இல்லை.
பள்ளத்தில் வெண்சாம்பல் படிந்து
ஏறக்குறையத் தூர்ந்திருந்தது.
சுற்றிலும் இருந்த துத்தநாகம்
மணிமணியாகக் கரைந்து
தன் பங்கையும் இரும்பின் பங்கையும் சேர்த்துக்
கடலுக்குக் கட்டியிருக்கிறது.

கண்கலங்காதே, அது மின்சாரம் என்றான் விர்கீலியுஸ்.
நான் கலங்கவில்லை.
காற்று.

தூரீத்தை அழைத்துக் காட்டினேன்.
குனிந்தாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.
எப்போது?
அக்டோபரில்.
எழுதிக்கொண்டாள்: சட்டம் பதினாலு, தெற்கு,
கீறல் ஒன்று, துரு இல்லை, பழுதுபார்க்கவும்.
அக்டோபர் என்பதையும் எழுதினாள், அடிக்கோடிட்டு.
என் பெயரின் எழுத்துக்களைக் கேட்டாள்.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கீழே இறங்கி வந்தபோது
கலக்கி நின்றுபோயிருந்தது.
குச்சியை விட்டுப் பார்த்தேன்.
அடியில் அதற்குள்
ஒரு விரல் கனம்.