பிற காரணங்கள்

மாதக் கடைசியில் எனக்கென்று ஒரு கட்டம் காத்திருக்கும்:
‘வேறுபாட்டுக்குக் காரணம்.’
நாற்பது எழுத்துக்கு மேல் தட்டினால்
சிவந்துவிடும்.

கேட்பவர் தாம்பரேயில் இருக்கிறார்.
தாம்பரம் இல்லை, தாம்பரே. பின்லாந்து.
ஸ்டோர்ஸ் திம்மராஜ் மட்டும்
“மெட்ராசுக்கு அனுப்பிட்டியாம்மா?” என்றுதான்
இன்னும் கேட்கிறார்.

ஒரே கப்பலில் வந்த இரட்டை எந்திரங்கள்.
ஒன்று சூளகிரியில் இறங்கியது,
மற்றது எல்லை தாண்டி மாலூரில்.
அதே எண்ணெய், அதே கையேடு,
அதே ஒன்பது மைக்ரான் பிசகு.
ஒரே நாடு, ஒரே ரூபாய்.
பிறகு ஏன் மாலூரைவிட
மார்ச்சில் பத்தொன்பது நாள் பின்னால்,
ஆகஸ்டில் பதினோரு நாள் முன்னால்?
திருமதி ஹெய்க்கினென் கேட்பது
நியாயம்தான்.

மார்ச்.
சுற்றுச்சுவர் எழும்ப வேண்டிய இடத்தில்
யாரும் கால் நனைத்திராத ஓர் ஓடை
புலப்படத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
காகிதத்தில் ஓடுவதைக்
காகிதத்தில் ஏறித்தான் தாண்ட வேண்டும்.
சர்வேயருக்கு மூன்று பிர்கா. எங்களுக்குப் புதன்கிழமை.
ஒரு புதன், தேர்தல் பயிற்சி.
ஒரு புதன், பெட்ரோல் இல்லை.
ஒரு புதன் அவர் வந்தார்,
எல்லைக்கல்லைக் காணோம்.

ஒற்றைச் சாளரம் என்று சென்னையில் சொன்னார்கள்.
பொய்யில்லை, சாளரம் ஒன்றுதான்.
எட்டிப்பார்த்தால் உள்ளே
பதினான்கு மேசை தெரிந்தது.

ஆகஸ்ட்.
காற்று மூன்று கம்பங்களைச் சாய்த்த இரவு
உதவிப் பொறியாளர் நாகவேணி
தங்கையின் வளைகாப்பு வீட்டிலிருந்து
நேரே வந்தார்,
கை நிறையக் கண்ணாடி வளையலும்
அதே கையில் டார்ச்சும்.
ஒருவரிடம் தெலுங்கில் கெஞ்சி,
ஒருவரைக் கன்னடத்தில் திட்டி,
எங்களிடம் தமிழில்
“தள்ளி நில்லுங்க” என்றார்.
நான்கு மணிக்கு விளக்கு வந்தது.
ஒரு பைசா வாங்கவில்லை.
டீயில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிரேனும் எட்டு ஆட்களும்
மறுநாள் காலை போயிருக்க வேண்டியது
பைரப்பாவின் தோட்டத்துக்கு.
அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.
வரிசையில் அவர் எங்களுக்கு முன்னால்.
போர் மோட்டார் பதினாறு நாள் ஊமையாய்க் கிடந்தது.
தக்காளிச் செடி கருகியதை
அவர் சந்தையில் சொன்னார்,
என்னிடமில்லை.

தாம்பரேயில் மாநிலத்துக்கு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்.
எங்களுக்கு எழுபத்திரண்டு.
சென்னைத் துறைமுகத்துக்கும் அதே எழுபத்திரண்டு,
சூளகிரித் தாலுகா ஆபீசின்
பூட்டிய பீரோவுக்கும் அதே.
சாவி வைத்திருப்பவர் லீவில் இருந்தால்
எழுபத்திரண்டில் எத்தனை குறைக்க?

ஆகஸ்டுக்கு நான் எழுதியது:
‘உள்ளூர்ச் சூழல் சாதகம்.’
திருமதி ஹெய்க்கினென் மகிழ்ந்து பதில் போட்டார்:
இதை மற்ற ஆலைகளிலும்
நடைமுறைப்படுத்த முடியுமா?
அந்த மின்னஞ்சலை
வெகுநேரம் திறந்தே வைத்திருந்தேன்.
எதை அனுப்புவேன்?
வளையலையா?

அக்டோபரில் நாகவேணிக்கு மாறுதல், பென்னாகரம்.
உத்தரவு ஒன்றரை வரி.
புதியவர் நல்லவர், விதிப்படி நடப்பவர்.
அவர் வந்ததும் முதல் வேலையாகப்
பைரப்பாவின் பழைய மனுவை எடுத்தார்.
எங்கள் கூடுதல் லோடு விண்ணப்பம்
இப்போது அதன் அடியில்.
மாலூரைவிட ஆறு நாள் பின்னால்.
எனக்குக் கோபம் வரவில்லை;
அதைக் கட்டத்தில் எழுதவும் முடியவில்லை.
‘பிற காரணங்கள்’ என்று போட்டு
அனுப்பி வைத்தேன்.

நேற்று கேன்டீனை இடம் மாற்றியபோது
எல்லைக்கல் கிடைத்தது.
மாவு ட்ரம் ஆடாமல் நிற்க
யாரோ அடியில் கொடுத்திருக்கிறார்கள்.
கழுவினால் அரசாங்க அம்புக்குறி பளிச்சென்று தெரிகிறது.
ஓடை எந்தப் பக்கம் என்று
அதுவும் சொல்லவில்லை.

திம்மராஜ் கேட்கிறார்,
ஸ்டாக்கில் ஏற்றட்டுமா,
வேண்டாமா.