ஏழில் எத்தனை

வினாக்கொத்தில் பதினொரு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஏழு வட்டங்கள்.
இடது ஓரம் 'அறவே இல்லை',
வலது ஓரம் 'முற்றிலும்',
நடுவில் நாலு, யாரையும் நோகடிக்காத எண்.

டொரிங்டன் மைதானம், காலை ஐந்தே முக்கால்.
தடை தாண்டும் ஜெனிட்டா
கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.
பயிற்றுவிப்பாளர் ருவினி அவளுக்கு இரண்டு வயது இளையவள்.
இருவரையும் தனித்தனியே இருத்திக் கேட்க வேண்டும்,
ஒருத்தி பதில் மற்றவள் காதில் விழக்கூடாது,
அது முறையியல்.
ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில், ஒருத்தி படிக்கட்டில்,
இடையில் நடந்து நடந்து
என் சப்பாத்தெல்லாம் பனி.

மூன்றாம் கேள்வியில் சறுக்கினேன்.
சிங்களத் தாளில் 'விஸ்வாச'.
தமிழாக்கியவர், அதாவது நான், இரவு ஒரு மணிக்கு,
'விசுவாசம்' என்றே விட்டிருந்தேன்.
ஜெனிட்டா பேனையை மூடினாள்:
"இது நாய்க்குச் சொல்ற சொல் தானே?"
வெட்டிவிட்டு 'நம்பிக்கை' என்று எழுதிக் கொடுத்தேன்.
எதில் என்று கேட்டாள்.
அவள் பிடிக்கும் நேரத்திலா, அவள் வாயிலா?
அதற்கு வட்டம் இல்லை.
வெறுமையாக விட்டுத் திருப்பித் தந்தாள்.

மார்ச்சில் முழங்கால் வீங்கியதைத்
தெரிவுக்குழுவுக்குச் சொன்னது ருவினி.
"ஓடியிருந்தால் கால் போயிருக்கும்" என்றாள் படிக்கட்டில்.
"எனக்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்" என்றாள் குழாயடியில்.
இரண்டு வாக்கியமும் என் பையில்.
நாற்பது அடி தூரம்.
கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை;
இரகசியம் காப்பேன் என்று மூன்று மொழியில்
கையெழுத்து வைத்திருக்கிறேன்.

விடுபட்ட பதிலுக்குச் சராசரியை இடவா
என்று கேட்டது மென்பொருள்.
ஐந்து தசம் இரண்டு.
இன்னும் பதில் சொல்லவில்லை நான்.

ஒலிப்பதிவுக் கருவியைப் படியில் அணைக்காமல் விட்டதை
அன்றிரவு வெள்ளவத்தை அறையில்தான் கண்டேன்.
பத்தொன்பது நிமிடம் யாரும் யாரோடும் பேசவில்லை.
காகம். விசில். தடையொன்று விழும் சத்தம்,
அதை நிமிர்த்தும் சத்தம்.
பிறகு ருவினி காலடிகளை எண்ணுகிறாள்,
கொச்சைத் தமிழில்:
பதிமூணு, பதினாலு,
ஓடிவருகிறவள் மூச்சுக்கு நடுவே
'பஹலொவ' என்று முடிக்கிறாள்.

ஒப்புதல் படிவத்தில் அந்த நேரம் அடங்காது.
அழிக்க வேண்டும்.
அழித்தேன்,
நாலாம் முறை கேட்ட பிறகு.