கழுத்துப்பிடி

தாமரை என்று இதற்கு யார் பெயர் வைத்தார்களோ.
குளத்தில் படர்ந்தால் கும்பிடலாம்.
என் இடது முன்கையின் உட்புறம்
ஐந்து ரூபாய்க் காசளவு வந்தபோது
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
விளிம்பு சிவப்பு. நடுவே சாதாரணத் தோல்,
ஆறிவிட்டது போலவே இருக்கும்.

அம்மாபேட்டையில் எங்கள் மல்யுத்தக் கூடம்
ஒரு ஜவ்வரிசிக் குடோனின் மாடி.
கீழிருந்து புளித்த மாவு வாசம் மேலேறும்,
மேலிருந்து எங்கள் வியர்வை கீழிறங்கும்.
ஒன்பது பெண்கள், ஒரு விரிப்பு, ஒரு குழாய்.
மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளைக்
காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தோம்.
வட்டம் இல்லாத நாட்களில்
வியர்வையோடே பஸ் ஏறினோம்.

சுவரில் ஒரே ஆணி, ஆணியில் ஒரே துண்டு.
யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.
ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டோம்.

செவ்வாய்பேட்டை மருந்துக் கடையில்
அரிப்பு என்றதுமே ஒரு ட்யூப் தந்தார்கள்.
மூன்றாம் நாள் சிவப்பு போயிற்று.
மாவட்டப் போட்டிக்கு இன்னும் பதினோரு நாள்;
மேலே கொஞ்சம் முகப் பவுடர்.
பத்தாம் நாள் அது திரும்பி வந்தது,
வட்டத்துக்குள் வட்டமாக,
கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு.

மார்சலின் ஏற்காட்டிலிருந்து வருகிறவள்.
முதல் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு,
குமட்டலை ஓர் எலுமிச்சையை முகர்ந்தே அடக்கி
ஏழரைக்குப் பயிற்சிக்கு நிற்பாள்.
ஐம்பத்து மூன்று கிலோ. என் எடை, என் ஜோடி.
அவள் கழுத்தை இடது கையால் பூட்டி
மார்போடு இழுத்துச் சாய்ப்பது என் நல்ல பிடி.
என்னிடமிருந்த ஒரே நல்ல பிடி.
நாளைக்கு நாற்பது முறை.

எடை பார்க்கும் காலையில்
டாக்டரம்மா டார்ச்சோடு வந்தார்.
காதுக்குப் பின்னால், விரலிடுக்கில், முழங்கால் மடிப்பில்,
புடவையில் இழை பிசகைத் தேடுகிறவர் போல.
மார்சலின் ஜடையைத் தூக்கிக் காட்டினாள்.
பிடரிக்குக் கீழே, சரியாக
என் முன்கை படிகிற இடத்தில்
ஐந்து ரூபாய்.

அவளுக்கே தெரியாது.
தன் பிடரியை யார் பார்த்திருக்கிறார்கள்?
"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"
நான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
தைரியமெல்லாம் இல்லை.
வரிசையில் அடுத்த ஆள் நான்தான்.

பஸ் நிலையம் வரை அவள் பேசவில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து
துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றியவள்
கழற்றி ஒரு கணம் பார்த்தாள்,
பிறகு தனி கவரில் போட்டு முடிச்சிட்டாள்.

ஆறு வாரம்.
புண்ணுக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் பூசு,
மறைந்த பிறகும் பதினைந்து நாள் பூசு.
இல்லாத ஒன்றின் மேல் மருந்து தடவுவது
சாமி கும்பிடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.
தம்பி வயிற்றிலும் ஒன்று முளைத்திருந்தது.
எங்களுக்கு ஒரே போர்வை.
அம்மா அதை அண்டாவில் கொதிக்கவைத்தாள்,
என்னை ஒன்றும் சொல்லாமல்.

இப்போது சுவரில் ஒன்பது ஆணி.
சோப்பை நூலால் ஒன்பதாக அறுத்தோம்,
சின்னத் துண்டு யாருக்கென்று சண்டை.
தண்ணீர் வராத நாளுக்கென்று ஒரு டிரம்.
செருப்பில்லாமல் கழிவறை போனால் பத்து ரூபாய்.
பிளீச்சிங் பவுடர் நெடியில்
ஜவ்வரிசி வாசமே மறந்துவிட்டது.
விரிப்பைத் துடைக்க முறை வைத்திருக்கிறோம்;
என் முறை இல்லாத நாளும் நான்தான் துடைக்கிறேன்.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

மார்சலின் வந்தது ஒரு புதன்கிழமை.
நேராக என் இடது கையைப் பற்றினாள்,
உட்புறத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்,
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை படித்தாள்,
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தியும்.
பிறகு திரும்பி நின்று ஜடையைத் தூக்கினாள்,
நானும் பார்க்கட்டும் என்று.

பிடரியில் ஒரு மச்சம்.
இத்தனை நாள் அதன் மேல்தான் கை போட்டிருக்கிறேன்.
கண்டதே இல்லை.

"நகம்?" என்றாள்.
விரல்களை நீட்டினேன்.
"சரி. பிடி."